ஐஸ் உடைக்கும் மெஷினில் செயின் நான்கு மாதம்கூட தாங்கவில்லை, காரணம் என்ன?

காசிமேடு ஐஸ் · மே 6, இரவு 10:40

அனைவருக்கும் வணக்கம். காசிமேட்டில் நானும் மச்சானும் ஐஸ் கட்டி உடைக்கும் மெஷின் ஒன்று வைத்திருக்கிறோம். 5 எச்பி மோட்டார். அதிலிருந்து நடு ஷாஃப்டுக்கு பெல்ட், நடு ஷாஃப்டிலிருந்து டிரம்முக்கு முக்கால் இன்ச் செயின். ஒரு வருஷத்தில் மூன்று செயின் போட்டுவிட்டோம். புதிதாகப் போட்ட ஒரு மாதம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் தொய்வு விழுகிறது, இழுத்துக் கட்டுகிறோம், மறுபடி தொய்கிறது. நான்காம் மாதம் கட்டி உள்ளே போனதும் படபடவென்று பல் தாவுகிறது. கடையில் கேட்டால் மட்டமான செயின், நீண்டுவிட்டது என்கிறார்கள். விலை கூடியதையும் வாங்கிப் பார்த்தோம், அதே கதைதான்.

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மெஷின் சும்மா நிற்கிறது. ஜூன் 14-க்குள் இதைச் சரிசெய்துவிட வேண்டும். படகு கிளம்பும் ராத்திரி மெஷின் நின்றால் வாடிக்கை மொத்தமும் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணூர் ஷிப்ட் · மே 6, இரவு 11:15

செயினை எடுத்துவிட்டு அங்கேயும் வி-பெல்ட் போட முடியாதா? உப்புக்காற்றில் செயின் துருப்பிடிக்கும். எண்ணூரில் எங்கள் பிளாண்டில் நான் தினமும் பார்க்கிறேன்.

தண்டையார்பேட்டை லேத் · மே 7, காலை 6:50

பெல்ட் அந்த இடத்துக்குச் சரிவராது மேடம். ஐஸ் தண்ணீர் தெறித்து நனைந்துகொண்டே இருக்கும், வேகம் குறைவு, இழுவை அதிகம், வழுக்கத்தான் செய்யும். மெதுவாகச் சுற்றிக்கொண்டு கனமாக இழுக்கிற இடம் செயினுக்குரியது. முதல் கட்டத்தில் பெல்ட் இருப்பது நல்லதுதான். கட்டிக்குள் இரும்புக் கொக்கி எதுவும் மாட்டினால் பெல்ட் வழுக்கி மற்றதைக் காப்பாற்றும். செயின் வழுக்காது, அடியை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

பழைய ஃபிட்டர் · மே 7, காலை 8:05

தம்பி, கழற்றிய பழைய செயினை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். என்ன நடந்தது என்று அதுதான் சொல்லும். மண்ணெண்ணெயில் கழுவுங்கள். சிமெண்ட் தரையில் விறைப்பாக இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவில் சாக்பீஸால் குறி போடுங்கள். அங்கிருந்து 24 கண்ணி எண்ணி, 25-ஆவது பின்னின் நடு வரைக்கும் எத்தனை மில்லி என்று அளந்து எழுதுங்கள். டேப் வேண்டாம், இரும்பு ஸ்கேல் வையுங்கள்.

இரண்டு சக்கரத்திலும் பற்கள் எத்தனை, ஷாஃப்டுக்கு ஷாஃப்ட் தூரம் எவ்வளவு, நடு ஷாஃப்ட் என்ன வேகம், எண்ணெய் எப்படிப் போடுகிறீர்கள்? இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது குத்துமதிப்புதான்.

காசிமேடு ஐஸ் · மே 7, மாலை 5:30

அளந்துவிட்டேன் ஐயா. 24 கண்ணி 474 மில்லி. சின்ன சக்கரம் 11 பல், பெரியது 33. தூரம் 620 மில்லி. நடு ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 480 சுற்று. செயினில் மொத்தம் 87 கண்ணி. அதில் ஒன்று மட்டும் வளைந்த மாதிரி, ஒரு பக்கம் அகலமாக, மறுபக்கம் குறுகலாக இருக்கிறது. சக்கரங்கள் மெஷின் வாங்கியதிலிருந்து மாற்றவில்லை, 6 வருஷம் ஆகிறது. சின்னதில் பல் நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல இருக்கிறது. எண்ணெய் போடுவதில்லை, வாரம் ஒருமுறை கிரீஸ் அப்புவோம். கஞ்சத்தனம் இல்லை, கை நிறைய அள்ளித்தான் பூசுகிறோம்.

பழைய ஃபிட்டர் · மே 7, இரவு 9:20

நீங்கள் எழுதியதிலேயே நான்கு தப்பு தெரிகிறது. ஆனால் முதலில் ஒன்று மனதில் பதிய வேண்டும். செயின் நீளவில்லை. கடைக்காரர் சொன்ன அந்த வார்த்தைதான் உங்களை மூன்று செயின் வாங்க வைத்தது.

முக்கால் இன்ச் செயினில் ஒரு கண்ணி 19.05 மில்லி. 24 கண்ணி புதிதில் 457.2 இருக்க வேண்டும். உங்களுடையது 474. கிட்டத்தட்ட 17 மில்லி கூடுதல், நூற்றுக்கு 3.7. பொதுவாக 3 வந்தாலே, அதாவது 471 தொட்டாலே, செயினை எடுத்துவிட வேண்டும்.

இந்த 17 மில்லி எங்கிருந்து வந்தது? தகடு இழுபட்டு நீண்டதா? கணக்குப் போடுங்கள். 11 பல், 480 சுற்று என்றால் செயின் நொடிக்கு 1.68 மீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் 5 எச்பியைக் கடத்த சுமார் 225 கிலோ இழுவை விழும். உங்களுடையது 12பி வகைச் செயின் என்றால், அதை அறுக்க 28.9 கிலோநியூட்டன், ஏறக்குறைய 2,900 கிலோ வேண்டும். பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சுமைக்குத் தகடு நீளாது.

தேய்வது மூட்டு. ரோலர் செயினில் ஐந்தே உறுப்புகள். வெளித்தகடு இரண்டையும் பின் சேர்க்கிறது, அது தகட்டில் இறுக்கி அடித்தது, சுழலாது. உள்தகடு இரண்டையும் புஷ் சேர்க்கிறது, அதுவும் இறுக்கி அடித்தது. பின் அந்தப் புஷ்ஷுக்குள் போய் உட்காருகிறது. புஷ்ஷுக்கு மேல் ரோலர் தளர்வாகச் சுற்றுகிறது. பல்லைத் தொடுவது ரோலர் மட்டும்தான். அது உருண்டு கொடுப்பதால் பல்லில் உரசல் குறைவு. ஆனால் செயின் சக்கரத்தில் ஏறி வளையும்போதும் இறங்கி நிமிரும்போதும் பின்னும் புஷ்ஷும் ஒன்றையொன்று முழுச் சுமையோடு தேய்க்கின்றன. வெளியிலிருந்து அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. அங்கே மூட்டுக்கு 0.7 மில்லியாகப் போனதுதான் உங்கள் 17 மில்லி.

நாளைக்கு ஒரு வேலை செய்யுங்கள். பழைய செயினில் ஒரு பின்னின் தலையை கிரைண்டரில் தேய்த்து, பஞ்ச் வைத்துத் தட்டி வெளியே எடுங்கள். என்ன பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

காசிமேடு ஐஸ் · மே 8, பகல் 1:10

எடுத்தேன் ஐயா. வெளியே கிரீஸ் தாராளமாக இருக்கிறது, கறுத்துப்போய், மீன் செதிலும் மணலும் ஒட்டி, சாந்து மாதிரி. பின் வெளியே வந்ததும் கையில் ஒரு பொடி கொட்டியது. செங்கல் நிறம், பட்டைப்பொடி போல நைசாக. பின் காய்ந்து கிடக்கிறது. எண்ணெய்ப் பசையே கிடையாது. ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று பள்ளம் விழுந்திருக்கிறது, நகத்தை ஓட்டினால் படி தட்டுகிறது. புஷ்ஷின் ஓட்டையும் வட்டமாக இல்லை, முட்டை வடிவமாகிவிட்டது.

இவ்வளவு கிரீஸ் போட்டும் உள்ளே ஒரு சொட்டுகூட போகவில்லை என்பதை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன்.

பழைய ஃபிட்டர் · மே 8, பகல் 2:00

அந்தச் செங்கல் பொடிதான் சாட்சி. மூட்டு எண்ணெய் இல்லாமல் ஓடினால் தேய்ந்த இரும்புத்தூள் துருவாகிச் செம்பழுப்பாக வெளியே வரும். இனிமேல் செயினைத் திறக்காமலே, தகடுகளின் ஓரத்தில் அந்த நிறம் தெரிந்தால் உள்ளே காய்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடுக்குதான் எண்ணெய் உள்ளே போக ஒரே வழி. கெட்டியான கிரீஸ் அந்த வாசலை அடைத்துக்கொண்டு வெளியே நிற்கும். மணலையும் சேர்த்துப் பிடித்து வைக்கும். நீங்கள் மனதாரப் போட்ட கிரீஸ்தான் எண்ணெய்க்கு வழி விடாமல் தடுத்தது.

தண்டையார்பேட்டை லேத் · மே 8, மாலை 6:25

ஐயா சொல்வது சரி. ஆனால் கிரீஸை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். எங்கள் அப்பா காலத்தில் செயினைக் கழற்றிக் கழுவி, கிரீஸைத் தட்டில் சுட வைத்து, தண்ணீராக உருகியதும் அதில் செயினை ஊறப் போடுவார்கள். சூட்டில் உள்ளே போய், ஆறியதும் அங்கேயே நின்றுவிடும். மெதுவாக ஓடும் செயினுக்கு அது நன்றாகவே உழைத்தது. கையால் மேலே பூசுவதில்தான் பலன் இல்லை.

பழைய ஃபிட்டர் · மே 8, மாலை 7:10

ஒப்புக்கொள்கிறேன். நானும் செய்திருக்கிறேன். ஆனால் அதைக் கழற்றித்தான் செய்ய முடியும், தினம் ஓடும் மெஷினுக்கு எண்ணெய்தான் தோது.

நம் ஊர் வெயிலுக்கு எஸ்ஏஇ 40 எண்ணெய் போதும். எங்கே விடுவது என்பதுதான் முக்கியம். சுமை இழுக்கிற பக்கத்தில் தகடுகள் நெருக்கியடித்து நிற்கும், எண்ணெய் இறங்காது. தொய்ந்து வரும் கீழ்ப்பக்கத்தில், வளையத்தின் உள்பக்கமாக, செயின் சக்கரத்தில் ஏறப்போகிற இடத்துக்குச் சற்று முன்னால் விட வேண்டும். ரோலரின் நடுவில் ஊற்றினால் வீண், தகட்டு ஓரங்கள் இரண்டிலும் விட வேண்டும். உள்பக்கம் விட்டால் சுற்றுகிற வேகமே எண்ணெயை வெளிப்பக்கமாகத் தள்ளி மூட்டுக்குள் அனுப்பும்.

எண்ணூர் ஷிப்ட் · மே 8, இரவு 8:40

ஒரு முக்கியமான விஷயத்தை யாரும் பேசவில்லை. அந்த ஐஸ் மீன் மேல் போகிறது. செயின் எண்ணெய் டிரம்முக்குள் சொட்டினால் அது சாப்பாட்டில்தான் போய் முடியும். செயினுக்கு அடியில் தகரத் தட்டு வைத்து, டிரம் பக்கம் மறைப்பு அடித்துவிடுங்கள். எண்ணெயும் உணவுத் தொழிலுக்கென்று வரும் எச்1 வகையாகவே வாங்குங்கள். தவறி ஒரு துளி பட்டாலும் கேடில்லை என்ற நிலையில் தயாரிப்பது அது. விலை கூடுதல்தான், ஆனால் செலவாவது கொஞ்சம்.

துருப்பிடிக்காத எஃகில் செயின் கிடைக்கும். ஆனால் அதே அளவு கார்பன் எஃகுச் செயினைவிடச் சுமை தாங்கும் திறன் குறைவு, அதனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டாம். நிக்கல் பூசியது நடுவாந்தரம்.

காசிமேடு ஐஸ் · மே 8, இரவு 9:05

ரொம்ப நன்றி அக்கா. மறைப்பு ஒரு பக்கம்தான் இருக்கிறது, மறுபக்கமும் அடித்துவிடுகிறேன். ஐயா, நான்கு தப்பு என்றீர்களே, மற்றவை என்ன?

பழைய ஃபிட்டர் · மே 9, காலை 7:30

இரண்டாவது, பழைய சக்கரத்தில் புதுச் செயின். தேய்ந்த செயினின் நீளத்துக்கு ஏற்ப அந்தப் பல் கொக்கியாகிவிட்டது. புதுச் செயின் அதில் உட்காரும்போது எல்லாப் பல்லும் சுமையைப் பங்கு போடாது, ஒன்றிரண்டே தாங்கும். முதல் நாளிலிருந்தே செயினுக்கு ஆயுள் குறைய ஆரம்பிக்கும். செயின் மாற்றினால் சக்கரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது, அந்த வளைந்த கண்ணி. அது அரை லிங்க். ஒற்றைப்படையில் கண்ணி வேண்டுமென்றால் வேறு வழியின்றிப் போடுவது. வளைந்த தகடு நேர்த்தகட்டின் பலத்துக்கு வராது. 87 வேண்டாம், கண்ணி எப்போதும் இரட்டைப்படையில் இருக்கட்டும், மிச்சத்தை நடு ஷாஃப்டை நகர்த்திச் சரிசெய்ய வேண்டும்.

நான்காவது, 11 பல். இடம் மிச்சப்படுத்தச் செய்த வேலை. சின்ன சக்கரத்தில் 17-க்குக் குறையாமல் இருப்பது நல்ல வழக்கம். 11 பல்லில் ஒவ்வொரு மூட்டும் ஏறும்போது 32.7 டிகிரி மடங்க வேண்டும். 17 என்றால் 21.2 தான். இன்னொன்று, செயின் சக்கரத்தில் வட்டமாகப் படியாது, கோண கோணமாகத்தான் படியும். அதனால் சக்கரம் ஒரே சீராகச் சுற்றினாலும் செயின் ஒவ்வொரு பல்லுக்கும் ஒருமுறை வேகம் கூடிக் குறையும். 11 பல்லில் இந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கு 4, 17 பல்லில் 1.7. மெஷின் பக்கத்தில் கை வைத்தால் ஒரு நடுக்கம் தெரியுமே, அதில் இதற்கும் பங்கு உண்டு.

சின்னதில் 17, பெரியதில் 51 போடுங்கள். டிரம் வேகம் அதே 160 சுற்றுதான். பெரிய சக்கரம் குறுக்களவில் 200 மில்லியிலிருந்து 310 ஆகும், மறைப்பைப் பெரிதாக்க வேண்டும்.

வியாசர்பாடி டிப்ளமோ · மே 9, காலை 11:45

ஐயா, நான் மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். ஒரு சந்தேகம். 17 பல் போட்டால் செயின் வேகம் கூடுமே? இப்போது 480-ஐ 11 ஆல் பெருக்கி, 88 கண்ணி என்று வைத்து வகுத்தால், செயின் நிமிஷத்துக்குச் சரியாக 60 முறை சுற்றி வருகிறது. ஒவ்வொரு மூட்டும் ஒரு சுற்றில் நான்கு முறை மடங்கி நிமிர்கிறது, அதாவது நொடிக்கு 4 முறை. 17 பல் போட்டால் 80-க்கு மேல் சுற்றும். மடங்குவது அதிகமானால் தேய்மானமும் அதிகமாகாதா?

பழைய ஃபிட்டர் · மே 9, மதியம் 12:30

அருமையான கேள்வி தம்பி. பதிலை நீங்களே கண்டுபிடிக்கலாம். எத்தனை முறை மடங்குகிறது என்பதோடு எத்தனை டிகிரி மடங்குகிறது, எவ்வளவு சுமையில் மடங்குகிறது என்பதையும் சேருங்கள். செயின் நீளத்தையும் புதிதாகக் கணக்கிடுங்கள்.

வியாசர்பாடி டிப்ளமோ · மே 9, மாலை 4:10

போட்டுப் பார்த்தேன் ஐயா. முதலில் நீளம். ஷாஃப்ட் தூரத்தைக் கண்ணிக் கணக்கில் மாற்றினால் 620-ஐ 19.05 ஆல் வகுக்க 32.55. அதன் இரு மடங்கு 65.1. இரண்டு சக்கரப் பற்களின் கூட்டுத்தொகையில் பாதி 34. பற்களின் வித்தியாசம் 34-ஐ 6.283 ஆல் வகுத்து, வர்க்கம் எடுத்து, மறுபடி 32.55 ஆல் வகுத்தால் 0.9. மொத்தம் சரியாக 100 கண்ணி! அரை லிங்க்கே வேண்டாம்.

அப்புறம் தேய்மானம். ஒரு மூட்டு ஒரு நிமிஷத்தில் மொத்தம் மடங்கும் கோணத்தைக் கூட்டினால், 11-33 ஜோடியில் 5,236 டிகிரி, 17-51 ஜோடியில் 4,608 டிகிரி. எண்ணிக்கை கூடினாலும் கோணம் குறைகிறது. ஒரே விகிதத்தில் பற்களைக் கூட்டும்போது சின்ன சக்கரத்தின் பல் எண்ணிக்கை கணக்கில் அடிபட்டுப்போய், செயினின் நீளம்தான் மிஞ்சுகிறது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இழுவையோ 225 கிலோவிலிருந்து 146-க்கு இறங்குகிறது. இரண்டையும் பெருக்கினால் மூட்டில் நடக்கும் உரசல் வேலை பழையதில் 57 சதவீதம்தான். என் சந்தேகம் தீர்ந்தது.

பழைய ஃபிட்டர் · மே 9, மாலை 5:00

சபாஷ். இன்னொன்றையும் கவனியுங்கள். 17, 51 இரண்டும் ஒற்றைப்படை. கண்ணி 100, இரட்டைப்படை. மூட்டு தேயும்போது உள்கண்ணியின் இரண்டு ரோலருக்கு நடுவிலுள்ள தூரம் மாறாது, புஷ் இரண்டும் ஒரே தகட்டில் இருக்கிறதே. கூடுவதெல்லாம் வெளிக்கண்ணியில்தான் கூடும். பல்லும் இரட்டைப்படையாக இருந்தால் ஒரு பல்லுக்கு எப்போதும் ஒரே வகைக் கண்ணிதான் வந்து சேரும். ஒற்றைப்படை என்றால் சுற்றுக்குச் சுற்று மாறி மாறி வரும், தேய்மானம் எல்லாப் பல்லுக்கும் சமமாகப் போகும்.

தண்டையார்பேட்டை லேத் · மே 10, காலை 9:15

கடைக்குப் போகும் முன் ஒரு எச்சரிக்கை. முக்கால் இன்ச்சில் இரண்டு வம்சம் உண்டு. பிரிட்டிஷ் வழியில் வந்த 12பி, அமெரிக்க வழியில் வந்த 60. இரண்டிலும் பிட்ச், அதாவது ஒரு கண்ணியின் நீளம், 19.05 தான், மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றே போல இருக்கும். ஆனால் 12பி-யில் ரோலர் 12.07 மில்லி, 60-இல் 11.91. உள் அகலம் 12பி-யில் 11.68, 60-இல் ஒரு மில்லி போல அதிகம். 60-க்கு வெட்டிய சக்கரத்தில் 12பி செயினை மாட்டினால் பல் தகட்டில் உரசி உள்பக்கத்தைச் சுரண்டும். என் லேத்துக்கு இப்படி வந்த சக்கரங்களைப் பல் பக்கவாட்டில் கடைந்து கொடுத்திருக்கிறேன். தகட்டில் அச்சடித்த எண்ணைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பாரிமுனையில் அவசரத்தில் எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

திருவொற்றியூர் புல்லட் · மே 10, இரவு 10:20

நான் பைக் மெக்கானிக். லாக் போடுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். செயினின் இரு முனையையும் சேர்க்கும் இணைப்புக் கண்ணியில் போடும் லாக் மீன் மாதிரி இருக்கும், மூடிய பக்கம் தலை, பிளந்த பக்கம் வால். செயின் ஓடும் திசையில் மீன் தலை முன்னால் போக வேண்டும். திருப்பிப் போட்டால் ஓரத்தில் எதுவும் தட்டும்போது வால் விரிந்து லாக் கழன்றுவிடும். காசிமேட்டுக்காரருக்கு இது மறக்காது.

பழைய ஃபிட்டர் · மே 11, காலை 7:00

மாட்டும்போது இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பக்கவாட்டில் நேர்ப்பட்டை வைத்துப் பாருங்கள், நான்கு இடத்திலும் ஒட்ட வேண்டும். கோணல் இருந்தால் உள்தகட்டின் உள்பக்கம் பளபளக்க ஆரம்பிக்கும்.

தொய்வை ஒரேயடியாக இறுக்காதீர்கள், இது பெல்ட் இல்லை. உங்கள் தூரத்துக்குக் கீழ்ப்பக்கம் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் 12 முதல் 25 மில்லி ஆட்டம் இருக்கட்டும். விறைப்பாகக் கட்டினால் பேரிங்கையும் சேர்த்துத் தின்றுவிடும்.

இதைச் சொல்லாமல் விட மனமில்லை. அளக்கிற வேலை, எண்ணெய் விடுகிற வேலை எதுவானாலும் மெயின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செய்யுங்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர், மெதுவாகத்தானே ஓடுகிறது என்று ஓடும் செயினைத் துணியால் துடைத்தார். துணி பல்லுக்குள் போனது, கையும் கூடப் போனது. இரண்டு விரல். முப்பது வருஷமாகியும் அந்தச் சத்தம் என் காதில் இருக்கிறது. மறைப்பு இல்லாமல் ஒரு நாளும் மெஷினை ஓட்டாதீர்கள்.

காசிமேடு ஐஸ் · ஜூன் 12, இரவு 9:50

வேலை முடிந்தது. 17-51 சக்கரம், 12பி செயின் 100 கண்ணி, மீன் தலை முன்னால். மறைப்பு இரண்டு பக்கமும் அடித்து, அடியில் தட்டு வைத்தாயிற்று. லேத் அண்ணன் சக்கரத்துக்குத் துளை போட்டுச் சாவிக் காடியும் வெட்டிக் கொடுத்தார். மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பி ஒன்று வாங்கி ஃபியூஸ் பெட்டி பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன். ஃபியூஸ் பிடுங்காமல் குப்பியைத் தொடக்கூடாது என்பது மச்சானோடு செய்துகொண்ட ஒப்பந்தம். 24 கண்ணி அளவு 457.5, சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.

காசிமேடு ஐஸ் · செப்டம்பர் 20, காலை 6:15

மூன்று மாதம் தாண்டிவிட்டது. நேற்று அளந்தேன், 459 மில்லி. பழைய கணக்குக்கு இந்நேரம் 470 தொட்டிருக்கும். ஒரே ஒரு முறைதான் நடு ஷாஃப்டை நகர்த்தினேன். அந்த நடுக்கமும் குறைந்திருக்கிறது, தூரத்தில் நின்று கேட்டால் மெஷின் சத்தமே வேறு. ஐயாவுக்கும் எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி மட்டும். சில கண்ணி ஓரத்தில் லேசாகச் செம்பழுப்பு தெரிகிறது, எல்லாவற்றிலும் இல்லை, லாக் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஏழெட்டில் மட்டும். பயப்பட வேண்டுமா?

பழைய ஃபிட்டர் · செப்டம்பர் 20, காலை 7:40

எண்ணெய் விடும்போது செயினைக் கையால் நகர்த்தி நகர்த்தி விடுகிறீர்கள் அல்லவா? லாக்கை அடையாளம் வைத்து ஆரம்பித்து, அது திரும்பி வருவதற்குள் நிறுத்திவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஏழெட்டுக்கு எண்ணெய் கிடைக்கவில்லை. லாக் கடந்து போன பிறகும் பத்து கண்ணி கூடுதலாக விடுங்கள். இரண்டு வாரத்தில் அந்த நிறம் போகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

காசிமேடு ஐஸ் · அக்டோபர் 5, இரவு 8:30

நீங்கள் சொன்னதேதான் ஐயா. மச்சான் லாக்கிலிருந்து லாக்குக்கு முன்னால் வரைக்கும்தான் விட்டுக்கொண்டிருந்தார். இப்போது செம்பழுப்பு இல்லை.